'எக்கோ நார்மல்' என்றதும் ஃபைலை மூடிவிடாதீர்கள்

கோபியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் பையனைத் தூக்கிக்கொண்டு கோவைக்கு வரும் பெற்றோரிடம் இதயத்தைப் பற்றிக் கேட்டால், "நடக்கத்தானுங்க முடியல, நெஞ்சுல ஒண்ணுமில்லீங்க" என்பார்கள். பையன்களின் தசைகளை மெல்ல மெல்லப் பலவீனமாக்கும் மரபணு நோயான டுஷென் தசைச்சிதைவில் முதல் தவறே இதுதான். படியேறினால் மூச்சு வாங்குகிறதா என்பதை வைத்துத்தான் நாம் இதயத்தை எடைபோடுகிறோம். சக்கர நாற்காலியில் இருக்கிற பிள்ளை எந்தப் படி ஏறப்போகிறான்? காலில் இல்லாத டிஸ்ட்ரோபின் புரதம் அவன் இதயத் தசையிலும் இல்லை. நோய் உறுதியானதுமே ஒருமுறை, பிறகு வருடம் தவறாமல் இதயத்தைப் பார்த்தாக வேண்டும்.

அடுத்தது, எக்கோவை, அதாவது இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேனை, மட்டும் நம்புவது. இதயம் எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்று எக்கோ சொல்லும். ஆனால் இந்த நோயில் இதயத் தசையில் விழும் தழும்பு பெரும்பாலும் இடது கீழறையின் பக்கச் சுவரில், வெளிப்புற அடுக்கில் தொடங்குகிறது. மற்ற பகுதி ஈடுகட்டிவிடுவதால் எண் நன்றாகவே இருக்கும். முதுகு வளைந்து, ஸ்டீராய்டால் உடம்பும் போட்டுவிட்டால் எக்கோவில் படமே தெளிவாக விழாது. கடோலினியம் மருந்து செலுத்தி எடுக்கும் இதய எம்ஆர்ஐயில் அந்தத் தழும்பு வெள்ளையாகத் தெரியும். மயக்க மருந்து இல்லாமல் அசையாமல் படுக்கிற வயது வந்ததும், அதாவது 6, 7 வயதிலிருந்து, எம்ஆர்ஐ எடுக்கலாம் என்கிறது 2018-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். காசு கூடத்தான், மறுக்கவில்லை.

முதுகில் கம்பி வைக்கும் அறுவை சிகிச்சை இருந்தால் அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். உலோகம் படத்தைக் கெடுக்கலாம். கடோலினியத்துக்கு முன் சிறுநீரகம் பார்ப்பார்கள். அதற்கு வழக்கமாகப் பார்க்கும் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது; தசை குறைந்த பிள்ளைக்கு எப்போதும் குறைவாகவே வரும், அதை வைத்து நிம்மதி அடைய முடியாது; தசையைச் சார்ந்திராத சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொல்லுங்கள். மயக்க மருந்து தேவைப்பட்டால் நோயின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மயக்கத்தின்போது தசையைத் தளர்த்தப் போடும் சக்சினைல்கோலின் இவர்களுக்கு உயிராபத்து.

"பிரஷரே இல்லீங்க, எதுக்குங்க பிரஷர் மாத்திரை?" என்று நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. அது இதயத்தின் பாரத்தைக் குறைக்கத் தருவது. 10 வயதுக்குள், அறிகுறி இல்லாதபோதே தொடங்கச் சொல்வதும் அதனால்தான்.

இன்னொருவரை எல்லோருமே மறந்துவிடுகிறோம்: அம்மா. மரபணு அவர் வழியாக வந்திருந்தால் அவருடைய இதயத் தசையும் பாதிக்கப்படலாம். பையனைத் தினமும் தூக்கி இறக்குகிறவர், மூச்சு வாங்கினால் அலுப்பு என்றுதான் நினைத்துக்கொள்வார். அடுத்த முறை எக்கோ அறைக்குப் போகும்போது அவருக்கும் ஒரு சீட்டு போடுங்கள்.