புது கம்ப்யூட்டருக்குள் பழைய எக்ஸ்பி: பேஜ்மேக்கரை விட முடியாத அச்சகங்களுக்கு

வேலூர் லாங் பஜார் பக்கத்துச் சந்துகளிலும், ஆற்காடு, குடியாத்தம் கடைத்தெருக்களிலும் உள்ள அச்சகங்களில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருக்கிறது. காரணம் பேஜ்மேக்கர், அடோபியின் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று இருபது வருஷத்து வேலை அந்த ஃபைல்களில்தான் இருக்கிறது. “எங்க அண்ணன் கல்யாணத்துக்கு அடிச்ச மாதிரியே வேணும்” என்று ஒருவர் வந்து நின்றால், பழைய ஃபைலைத் திறந்து பெயர், முகூர்த்தம், மண்டபம் மாற்றினால் முடிந்தது. ஆற்காட்டுக்காரர் என்றால் இன்னொரு வேலையும் உண்டு: 2019-இல் மாவட்டம் பிரிந்ததால் ‘வேலூர் மாவட்டம்’ என்று இருப்பதை ‘இராணிப்பேட்டை மாவட்டம்’ என்று திருத்த வேண்டும்.

இந்த ஃபைல்களைப் புது மென்பொருளுக்கு மாற்றிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பேஜ்மேக்கருக்குப் பதிலாக அடோபி கொண்டுவந்த இன்டிசைனில் சிஎஸ்6 பதிப்பு வரைதான் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும், அதற்குப் பின் வந்தவை திறக்காது. திறந்தாலும், யூனிகோடுக்கு (எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்து முறை) முந்தைய பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். அதனால் எக்ஸ்பியைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுடைய உழைப்பு உள்ளே இருக்கிறது. அதைப் பத்திரமாக வெளியே கொண்டுவர ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான்.

நேரடியாக ஏன் போட முடியாது

பழைய மதர்போர்டு போய்விட்டால் புது கம்ப்யூட்டர் வாங்கி, “இதிலேயே எக்ஸ்பி போட்டுக் கொடுங்க” என்பார்கள். எக்ஸ்பி வந்தது 2001-இல். இப்போதைய மெஷின்கள் யுஇஎஃப்ஐ என்ற புது முறையில் கிளம்புகின்றன, 32 பிட் எக்ஸ்பிக்கு அது தெரியாது. ஹார்ட் டிஸ்க் ஏஹெச்சிஐ என்ற இணைப்பு முறையில் இருந்தால் அதற்கான டிரைவர் (பாகத்தை இயக்கும் சின்ன மென்பொருள்) எக்ஸ்பி சிடியில் கிடையாது. நீலத் திரையில் 7பி என்று முடியும் ஒரு எண்ணைக் காட்டி நின்றுவிடும். யுஎஸ்பி 3.0 வந்தபோது எக்ஸ்பி பழசாகிவிட்டது, ஆகவே கீபோர்டும் மவுஸுமே வேலை செய்யாமல் போகலாம். எட்டு ஜிபி ராம் போட்டாலும் அது நாலு ஜிபிக்குள் உள்ளதைத்தான் பார்க்கும். இவ்வளவையும் எப்படியோ தாண்டினாலும் கிராஃபிக்ஸ் டிரைவர் கிடைக்காது.

ஆகவே சரியான வழி விர்ச்சுவல் மெஷின். பெரிய வீட்டுக்குள் தடுத்து விடும் தனி போர்ஷன் மாதிரி, விண்டோஸ் 10 அல்லது 11-க்குள் ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உருவாக்கி அதில் எக்ஸ்பியை நிறுவுவது. அந்தப் பொய்க் கம்ப்யூட்டரின் பாகங்கள் எல்லாம் எக்ஸ்பிக்குத் தெரிந்த பழைய பாகங்கள். ஆரக்கிளின் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், இதற்கு அது போதும்.

முன்னேற்பாடு

உங்களிடம் உள்ள எக்ஸ்பி சிடியை, சிடி டிரைவ் உள்ள ஏதாவது மெஷினில் ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது முழு சிடியின் நகலாக ஒரே கோப்பில், மாற்றிக்கொள்ளுங்கள். எக்ஸ்பியின் கடைசித் திருத்தத் தொகுப்பான சர்வீஸ் பேக் 3 சேர்ந்ததாக இருந்தால் நல்லது. 25 எழுத்து உரிமச் சாவியையும் எடுத்து வையுங்கள். பிராண்டட் கம்ப்யூட்டரோடு வந்த சிடி வேறு மெஷினில் தகராறு செய்யலாம். பழைய கம்ப்யூட்டரின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுசாக பென் டிரைவில் நகலெடுங்கள். எல்லாரும் ஃபைல்களை எடுத்துக்கொண்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் புது மெஷினில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு-வைப் பாருங்கள். விர்ச்சுவலைசேஷன் எனேபிள்டு என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் கிளம்பும்போதே திறக்கும் அமைப்புத் திரை) போய் அதை ஆன் செய்யுங்கள். ஏஎம்டி போர்டில் அதன் பெயர் எஸ்விஎம் மோட்.

மெஷினை உருவாக்குவது

விர்ச்சுவல்பாக்ஸில் நியூ என்பதை அழுத்தி, பெயர் கொடுத்து, ஐஎஸ்ஓ கோப்பைக் காட்டுங்கள். வகையில் விண்டோஸ் எக்ஸ்பி 32 பிட்டைத் தேர்ந்தெடுங்கள். தானாகவே நிறுவிக்கொள்ளும் ‘அன்அட்டெண்டட் இன்ஸ்டலேஷன்’ வேண்டாம் என்று தேர்ந்தெடுங்கள். கண்முன்னே ஒவ்வொரு படியாக நிறுவுவதுதான் முதல் முறை செய்பவருக்கு நல்லது. ராம் 1024 எம்பி, பிராசசர் 1, ஹார்ட் டிஸ்க் 20 ஜிபி. இஎஃப்ஐ (மேலே சொன்ன யுஇஎஃப்ஐதான்) என்ற கட்டத்தில் டிக் இருக்கக் கூடாது. பேஜ்மேக்கருக்கு இதுவே தாராளம். நிறுவி முடித்த பிறகு பிராசசர் எண்ணிக்கையையும் செட்டிங்ஸில் உள்ள ஐஓ ஏபிஐசி அமைப்பையும் தொடாதீர்கள், எக்ஸ்பி கிளம்ப மறுக்கலாம்.

ஸ்டார்ட் கொடுத்ததும் பழைய நீலத் திரை வரும். உரிம ஒப்பந்தத்துக்கு எஃப்8, பிறகு என்டர், என்டிஎஃப்எஸ் குயிக் ஃபார்மேட். கோப்புகள் ஏறி முடிந்ததும் மெஷின் தானாக ஒருமுறை அணைந்து கிளம்பும். அப்போது கறுப்புத் திரையில் சிடியிலிருந்து துவங்க ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று ஒரு வரி வரும். எதையும் அழுத்தாதீர்கள். அழுத்தினால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும். கையைக் கட்டிக்கொண்டு சில நொடி காத்திருந்தால் ஹார்ட் டிஸ்கிலிருந்து கிளம்பி மீதி வேலையை அதுவே பார்க்கும். மவுஸ் உள்ளேயே மாட்டிக்கொண்டால் வலது பக்க கன்ட்ரோல் விசையைத் தட்டுங்கள், வெளியே வந்துவிடும்.

டெஸ்க்டாப் வந்ததும் விர்ச்சுவல்பாக்ஸின் டிவைசஸ் மெனுவில் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடியை (உள்ளே உள்ள எக்ஸ்பிக்கான துணை மென்பொருள்) செருகி நிறுவுங்கள். அது இல்லாமல் திரை சின்னதாகவே இருக்கும். 30 நாளுக்குள் ஆக்டிவேஷன் கேட்கும், அதை முதலிலேயே முடித்துவிடுங்கள்.

நெட்டை வெட்டுங்கள்

இதில் மட்டும் சமரசம் வேண்டாம். எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியபோது மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக ஒரு திருத்தம் கொடுத்தது என்றால் ஆபத்து எவ்வளவு என்று பாருங்கள். எக்ஸ்பியை அணைத்துவிட்டு, விர்ச்சுவல்பாக்ஸில் அந்த மெஷினின் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் எனேபிள் நெட்வொர்க் அடாப்டர் என்பதில் டிக்கை எடுங்கள். மெயில், வாட்ஸ்அப் எல்லாம் வெளியே உள்ள விண்டோஸில் வைத்துக்கொள்ளலாம்.

நெட் இல்லாமல் ஃபைல் எப்படி உள்ளே போகும்? செட்டிங்ஸில் ஷேர்டு ஃபோல்டர்ஸ் இருக்கிறது. வெளியே ‘பத்திரிகை’ என்று ஒரு ஃபோல்டரை உருவாக்கி அதை இங்கே சேர்த்து ஆட்டோ மவுன்ட் டிக் செய்யுங்கள். எக்ஸ்பியின் மை கம்ப்யூட்டரில் அது ஒரு டிரைவாகத் தெரியும். உங்கள் முழு டி டிரைவையும் பகிர வேண்டாம், அந்த ஒரு ஃபோல்டர் போதும்.

இப்போது எழுத்துருக்களை உள்ளே உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டு, பேஜ்மேக்கரை நிறுவி, ஒரு பழைய பத்திரிகையைத் திறந்து பாருங்கள். பேஜ்மேக்கர் 7 உடன், பிடிஎஃப் உருவாக்கும் டிஸ்டில்லர் வந்தது. அதுவும் நிறுவியிருந்தால் எக்ஸ்போர்ட் மெனுவிலேயே பிடிஎஃப் எடுக்கலாம். எழுத்துருக்களை உட்பொதிக்கும் தேர்வில் டிக் இருக்கிறதா என்று பார்த்து, ஷேர்டு ஃபோல்டரில் சேமியுங்கள். அந்த பிடிஎஃப்பை எழுத்துரு இல்லாத வெளி விண்டோஸில் திறந்து, கொம்பும் துணைக்காலும் சரியாக விழுந்திருக்கின்றனவா, ‘ஸ்ரீ’ உடைந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். இங்கே சரியாக இருந்தால் ஆஃப்செட்டுக்கோ டிஜிட்டல் பிரிண்டுக்கோ தைரியமாக அனுப்பலாம்.

விர்ச்சுவல் மெஷின் ஜன்னலின் கீழ் ஓரத்தில் பச்சை ஆமை படம் தெரிந்தால், விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது, அதனால் வேகம் குறையும். பேஜ்மேக்கர் இடைஞ்சல் இல்லாமல் ஓடினால் அப்படியே விட்டுவிடுங்கள். வேகத்துக்காக, ஹைப்பர்-வியை நம்பி ஓடும் விண்டோஸின் மெமரி இன்டெக்ரிட்டி பாதுகாப்பை அணைப்பது எனக்குச் சம்மதமில்லை.

தமிழ் எழுத்துரு மென்பொருளுக்கு யுஎஸ்பி டாங்கிள் (செருகினால்தான் மென்பொருள் ஓடும் சாவி) இருந்தால், செட்டிங்ஸில் யுஎஸ்பி பகுதியில் அதற்கு ஒரு ஃபில்டர் சேருங்கள். வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் தோல் தொழிற்சாலைகளில் சீரியல் போர்ட் வழியாகப் பேசும் பழைய கருவி வைத்திருப்பவர்களுக்கும் இதே வழி உதவும். சீரியல் போர்ட்ஸ் பகுதியில் ஹோஸ்ட் டிவைஸ் என்று கொடுத்தால் போதும்.

எல்லாம் ஓடுகிற நிலையில் விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் பதிவு) எடுத்துவிடுங்கள். பிறகு எது கெட்டாலும் அந்த நிலைக்குத் திரும்பலாம். ஆனால் ஸ்னாப்ஷாட் அதே ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கிறது. அதனால் எக்ஸ்பியை முழுசாக ஷட் டவுன் செய்து, அந்த மெஷினின் ஃபோல்டரை அப்படியே எக்ஸ்டெர்னல் டிஸ்குக்கு நகலெடுத்து, கடையில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். அடுத்த கம்ப்யூட்டர் வாங்கும்போது விர்ச்சுவல்பாக்ஸை மட்டும் நிறுவி இந்த ஃபோல்டரைத் திறந்தால் போதும், சிடியைத் தேட வேண்டியதில்லை.