பல இண்டெக்ஸில் தேடும்போது ஸ்கோரை அப்படியே நம்பாதீர்கள்

ஒரு நூலகத்தின் இணையதளம் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் எலாஸ்டிக்சர்ச் என்கிற தேடல் மென்பொருள் ஓடுகிறது. நூல்களுக்கு ஓர் இண்டெக்ஸ் (தேடுவதற்காக அடுக்கிவைத்த தரவுத் தொகுப்பு), அறிவிப்புகளுக்கு இன்னொன்று. வாசகர் "சமையல்" என்று தேடுகிறார். முதலில் வந்து நிற்பது புத்தகம் இல்லை. "நூலக உணவகத்துக்குச் சமையல் ஆள் தேவை" என்கிற பழைய அறிவிப்பு.

இரண்டு பெயரையும் காற்புள்ளி போட்டுக் கொடுத்தால் எலாஸ்டிக்சர்ச் இரண்டிலும் தேடி, தேடலுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் ஸ்கோரின் வரிசையில் கலந்து தந்துவிடும். ஆனால் இண்டெக்ஸின் துண்டான ஒவ்வொரு ஷார்டும் தன்னிடம் இருக்கும் டாக்குமெண்ட்டுகளை மட்டும் எண்ணித்தான் அந்த ஸ்கோரைப் போடுகிறது. ஸ்கோர் போடும் சூத்திரமான பிஎம்25 கணக்கில் ஒரு சொல் எவ்வளவு அரிதோ, அவ்வளவு மதிப்பு. 2 லட்சம் நூல்களில் 4,000 நூல்களில் "சமையல்" இருந்தால் அந்தச் சொல்லின் அரிது மதிப்பு ஏறத்தாழ 3.9. 5,000 அறிவிப்புகளில் இரண்டே இரண்டில் இருந்தால் 7.6. சின்ன இண்டெக்ஸில் இருப்பதாலேயே அறிவிப்பு மேலே ஏறிவிடுகிறது.

இங்கே பலரும் செய்வது, நூல் இண்டெக்ஸுக்கு 2, 3 என்று பூஸ்ட் கொடுத்து ஸ்கோரைப் பெருக்குவது. "சமையல்" சரியாகிவிடும், அடுத்த சொல்லில் வேறு இடம் கோணும். இன்னொரு வழக்கம், ஒவ்வொரு பட்டியலையும் அதன் உச்ச ஸ்கோரால் வகுப்பது. அப்படி வகுத்தால் ஒன்றுக்கும் உதவாத பட்டியலின் முதல் வரிகூட 1.0 வாங்கிவிடும். ஒரே கோரிக்கையில் தேடுகிறீர்கள், தேடும் ஃபீல்டின் (தலைப்பு போன்ற புலத்தின்) பெயரும் இரண்டிலும் ஒன்றுதான் என்றால், தேடல் வகையை டிஎஃப்எஸ் க்வெரி தென் ஃபெட்ச் என்று மாற்றுங்கள். எல்லா ஷார்டின் எண்ணிக்கையையும் முதலில் திரட்டி, பொதுவாகக் கணக்குப் போடும். கூடுதலாக ஒரு சுற்றுப் பயணம் ஆகும், அவ்வளவுதான்.

ஆர்ஆர்எஃப் என்கிற முறை ஸ்கோரை விட்டுவிட்டு, பட்டியலில் எத்தனையாவதாக வந்தது என்கிற இடத்தை மட்டும் பார்க்கும். 60-உடன் இடத்தைக் கூட்டி, அதன் தலைகீழை மதிப்பாக எடுக்கும். ஒரே டாக்குமெண்ட் பல பட்டியல்களில் வரும்போது இது அருமையான வழி. நூலும் அறிவிப்பும் வேறு வேறு பொருள்கள் என்பதால், இங்கே அது மாற்றி மாற்றி அடுக்குவதோடு நின்றுவிடும். என்னைக் கேட்டால் கலக்கவே வேண்டாம். நூல்கள் ஒரு பகுதி, அறிவிப்புகள் ஒரு பகுதி என்று காட்டுங்கள். வாசகருக்கும் அதுதான் வசதி.

அப்படிக் காட்டும்போது ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று வரிசையாகக் கேட்காதீர்கள். எலாஸ்டிக்சர்ச்சின் எம்சர்ச் என்கிற வசதியில் எல்லாவற்றையும் ஒரே கோரிக்கையாக அனுப்பலாம். ஆனால் மொத்தப் பதில் 200 (எல்லாம் சரி என்கிற எச்டிடிபி நிலை எண்) என்று வந்தாலே வெற்றி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே ஒவ்வொரு தேடலுக்கும் தனி நிலை எண் இருக்கும். ஷார்டு தோல்வி எண்ணிக்கையும் நேரம் கடந்த குறிப்பும் இருக்கும். இவற்றைப் பார்க்காத நிரல், பாதி ஷார்டு விழுந்த நாளில் வாசகரிடம் "அப்படி ஒரு நூல் இல்லை" என்று பொய் சொல்லும்.

பக்கம் பிரிப்பதிலும் கவனம் வேண்டும். கலந்த பட்டியலின் 3-ஆம் பக்கத்துக்கு, பக்கத்துக்குப் பத்து என்றால், ஒவ்வொன்றிலிருந்தும் முதல் 30-ஐ எடுத்துத்தான் கலக்க வேண்டும். 21 முதல் 30 வரை மட்டும் எடுத்தால் நடுவில் சில தொலையும். 10,000 முடிவுகளுக்கு மேல் போனால் எலாஸ்டிக்சர்ச் இயல்பான அமைப்பில் மறுத்துவிடும்.

அப்புறம், தமிழில் தேடுகிறவர்களுக்கு ஒன்று. "கொழுக்கட்டை" என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, இண்டெக்ஸுக்கு வேறு. நூல் இண்டெக்ஸில் இந்த வடிவங்களை ஒன்றாக்கும் ஐசியு நார்மலைசர் போட்டு, அறிவிப்பில் விட்டுவிட்டால், ஒரே சொல் ஒன்றில் கிடைக்கும், மற்றதில் கிடைக்காமல் போகும். சொற்களைப் பிரித்துச் சீராக்கும் அனலைசரை எல்லா இண்டெக்ஸுக்கும் ஒரே டெம்ப்ளேட்டில் வையுங்கள். பழைய டாக்குமெண்ட்டுகளையும் மறுபடி இண்டெக்ஸ் செய்யுங்கள்.