புதுவீட்டுத் தரை மேடுபள்ளமா? பில்டரிடம் பேசும் முன் ஒரு டியூப் வாங்குங்கள்

குடிபோன மூன்றாம் நாள் எங்கள் பீரோ கதவு தானாகத் திறந்துகொண்டது. மூடினால் மறுபடி திறக்கும். கோளாறு பீரோவில் இல்லை, தரையில். சைட் இன்ஜினியரைக் கூப்பிட்டால் "டைல்ஸ்னா அப்படித்தான் சார்" என்றார். தரை மேடுபள்ளம் என்று நானும், இல்லை என்று அவரும் ஒரு மாதம் ஓட்டினோம். மில்லிமீட்டரில் எழுதிக் கொடுத்த பிறகுதான் பேச்சு மாறியது.

1. வாட்டமா, குறையா?

குளியலறை, பால்கனித் தரை சாய்ந்துதான் இருக்க வேண்டும். கொத்தனார்கள் இதை வாட்டம் என்பார்கள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். வடிகால் ஜாலி பக்கம் ஓடிவிட்டால் சரி. மூலையில் தேங்கினாலோ வாசல்படிக்கு வந்தாலோ அது குறை. ஹாலும் படுக்கையறையும் மட்டமாக இருக்க வேண்டும்.

2. டியூப் மட்டம்

சின்ன ரசமட்டம் (குமிழி வைத்து மட்டம் காட்டும் கருவி) ஒரு டைல்ஸை மட்டும்தான் சொல்லும்; அறை முழுவதற்கும் டியூப்தான். ஹார்டுவேர் கடையில் கண்ணாடி மாதிரித் தெரியும் டியூப் பத்து மீட்டர் வாங்கி, உள்ளே குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். குமிழி இருந்தால் அளவு பொய் சொல்லும்.

வாசல் பக்கச் சுவரில், தரையிலிருந்து சரியாக 1000 மி.மீ. உயரத்தில் பென்சில் கோடு போடுங்கள். ஒருவர் டியூப்பின் ஒரு முனையை அங்கே பிடிக்கட்டும். நீங்கள் மறுமுனையோடு அடுத்த மூலைக்குப் போங்கள். நடக்கும்போது விரலால் அடைத்துக்கொள்ளலாம், அளக்கும்போது இரண்டு வாயும் திறந்திருக்க வேண்டும். அவர் பக்கம் தண்ணீர் கோட்டில் நிற்கும்போது உங்கள் பக்கம் தண்ணீர் நிற்கும் இடத்தில் கோடு போட்டு, அங்கிருந்து தரைவரை அளவு டேப் வைத்து அளந்து பாருங்கள். 988 வந்தால் அந்த மூலை 12 மி.மீ. மேடு, 1009 வந்தால் 9 மி.மீ. பள்ளம். எங்கள் பீரோ மூலையில் 1014.

3. விளிம்பும் சத்தமும்

இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையிலேயே படுக்க வையுங்கள். தூக்கி நிற்கும் விளிம்புகள் நிழல் காட்டும். அப்புறம் ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டுங்கள். வெற்றுச் சத்தம் கேட்டால் அடியில் கலவை முழுசாகப் பிடிக்கவில்லை. ஒட்டும் டேப்பால் அடையாளம் வையுங்கள்.

தரைத்தளத்தில் ஸ்கர்டிங்குக்கு (சுவரடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டை) கீழே இடைவெளி நாளுக்கு நாள் பெரிதானால், அடியில் நிரப்பிய மண்ணைச் சரியாகத் திமிசு போட்டு (இடித்து இறுக்கி) விடாததால் அது அமுங்கிக்கொண்டிருக்கலாம். டைல்ஸ் மாற்றி இது தீராது. அதோடு சுவரிலும் விரிசல் இருந்தால், பில்டரின் ஆள் அல்லாத ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் காசு கொடுத்தாவது கூட்டி வாருங்கள்.

4. எழுத்தில் கொடுங்கள்

அறையின் படம் வரைந்து, அளவுகளைக் குறித்து, அளவு டேப் தெரியும்படி எடுத்த போட்டோக்களோடு பில்டருக்கு மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் வரும் "பார்த்துடலாம் சார்" போதாது. சாவி இன்னும் வாங்கவில்லை என்றால் ஒப்படைப்புக் கடிதத்தை முழுக்கப் படியுங்கள். 'எல்லாம் திருப்தி' என்ற வரி இருந்தால், 'இணைத்துள்ள குறைப் பட்டியல் நீங்கலாக' என்று கைப்பட எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பொறுமையிழந்து சொந்தக் கொத்தனாரை விட்டு உடைக்காதீர்கள், ஆதாரம் போய்விடும்.

5. சட்டம்

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016-இன் 14(3) பிரிவை, பில்டருக்கு அனுப்பும் குறைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை என்று தெரிவித்தால், பில்டர் 30 நாளில் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். தமிழ்நாட்டில் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திடம் புகாருக்குப் படிவம் எம் (M), இழப்பீட்டுக்குப் படிவம் என் (N). கடிதத்தில் இந்தப் பிரிவு எண்ணைப் பார்த்ததுமே எங்கள் பில்டர் ஆளனுப்பினார். எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்லமாட்டேன்.

6. வேலை நடக்கும்போது

மேட்டைத் தேய்த்துச் சமன் செய்கிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மேல்பூச்சுப் போய் அழுக்கு ஏறும். பெயர்த்து, நூல் பிடித்து, புதிதாகத்தான் ஒட்ட வேண்டும். புது டைல்ஸ் வந்ததும் பெட்டியில் உள்ள பேட்ச் எண் பழைய டைல்ஸோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை. காலை வெயிலில் பதினொரு டைல்ஸ் மட்டும் கொஞ்சம் வெளுத்துத் தெரிகின்றன. சோபாவை அங்கே நகர்த்திப் போட்டுவிட்டோம்.