ஹெலிகாப்டரை அந்தரத்தில் நிறுத்தவும் இறக்கவும் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரைக்கு மேல் 3 முதல் 5 அடி உயரத்தில் ஹெலிகாப்டரை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கும் ஹோவர் பயிற்சியில், ஏறக்குறைய எல்லா மாணவர்களும் முதலில் செய்யும் தவறு, கையால் தேவைக்கு மேல் திருத்துவதுதான். ஹெலிகாப்டரை முன்பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்தும் கைப்பிடியான சைக்ளிக்கை அசைத்தவுடன், மேலே சுழலும் இறக்கைத் தொகுதியான ரோட்டாரின் சுழல்தளம் சாய்ந்துவிடும். ஆனால் அதன் அடியில் தொங்கும் உடற்பகுதி சாய்ந்து நகரத் தொடங்க ஒரு கணம் பிடிக்கும். அந்த ஒரு கணத்தைப் பொறுக்காமல் மாணவர் இன்னும் கொஞ்சம் தள்ளுகிறார். இரண்டு திருத்தங்களும் சேர்ந்து வேலை செய்யும்போது வானூர்தி எல்லை மீறி ஓடுகிறது. பதறி எதிர்ப்பக்கம் இழுக்கிறார். சில நொடிகளில் அது தூளியைப் போல ஆடத் தொடங்குகிறது. முன்கையைத் தொடையின் மேல் ஊன்றி, சைக்ளிக்கைக் கட்டைவிரலாலும் இரண்டு விரல்களாலும் மட்டும் பற்றி, அசைப்பதாக எண்ணாமல் அழுத்தம் கொடுப்பதாக எண்ணி, கொடுத்த அழுத்தத்தை உடனே விலக்கிக்கொண்டு காத்திருந்தால் ஆட்டம் தானே அடங்கும்.

கை பதறுவதற்குப் பெரும்பாலும் கண்தான் காரணம் என்பது என் உறுதியான கருத்து. மூக்குக்கு முன்னால் உள்ள புல்லையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஓர் அங்குல நகர்வும் பெரிதாகத் தெரியும். குறைந்தது 50 அடிக்கு அப்பால் பார்வையை வைத்தால், உயரமும் நகர்வும் ஓரப்பார்வையிலேயே பிடிபடும்.

கட்டுப்பாடுகளைத் தனித்தனியாக நினைப்பது அடுத்த தவறு. மேலிருந்து பார்க்கையில் ரோட்டார் இடஞ்சுழியாகச் சுழலும் ராபின்சன் ஆர்22 போன்ற வகைகளில், ஏற்றுவிசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலான கலெக்டிவை உயர்த்தினால் வானூர்தியின் மூக்கு வலப்புறம் திரும்பும்; அதைத் தடுக்க இடது பெடலை அழுத்தினால், வால் ரோட்டாரின் உந்துதல் கூடி வானூர்தி வலப்புறம் நகரப் பார்க்கும்; அதற்குச் சைக்ளிக்கைச் சற்றே இடப்புறம் வைக்க வேண்டும். மூக்கு திரும்பிய பிறகு காலை அழுத்துபவர் எப்போதும் பின்தங்கியே இருப்பார்.

இறங்க வரும்போது வேகத்தைக் கடைசி நேரத்தில் குறைப்பது ஆபத்தானது. காற்றுவேகம் சுமார் 16 முதல் 24 நாட் (மணிக்கு ஏறக்குறைய 30 முதல் 44 கி.மீ.) அளவுக்குக் கீழே போகும்போது, முன்னோக்கிப் பறப்பதால் கிடைத்துவந்த கூடுதல் ஏற்றுவிசை மறைந்து, திடீரென அதிக ஆற்றல் தேவைப்படும். குறைந்த வேகத்தில், என்ஜின் ஆற்றலைப் பயன்படுத்திக்கொண்டே நிமிடத்துக்கு 300 அடிக்கு மேல் செங்குத்தாக இறங்கினால், ரோட்டார் தான் கீழே தள்ளிய காற்றிலேயே சிக்கிக்கொள்ளும். அப்போது கலெக்டிவை உயர்த்துவது நிலைமையை மோசமாக்கும். போதிய உயரம் இருக்கும்போதே, சைக்ளிக்கை முன்தள்ளி வேகம் பிடித்து வெளியேற வேண்டும். பின்காற்றோடு இறங்குபவர் இதில் எளிதாக மாட்டுகிறார்.

தரையைத் தொடும் கணத்தில் பக்கவாட்டு நகர்வை அனுமதிப்பதுதான் எல்லாவற்றிலும் கொடியது. தரையில் ஊன்றும் சறுக்குக் கால்களான ஸ்கிட்களில் ஒன்று மண்ணிலோ புல்லிலோ மாட்டினால், அதையே அச்சாகக் கொண்டு வானூர்தி உருளத் தொடங்கும். மேலே தூக்கித் தப்பிக்கலாம் என்று கலெக்டிவை இழுப்பது இயல்பான எதிர்வினை. அந்த ஏற்றுவிசையே அதைக் கவிழ்த்துவிடும். கலெக்டிவை நிதானமாகக் கீழே இறக்குவதே சரியான திருத்தம். நகர்வு முழுதும் நின்ற பிறகே இறக்கத் தொடங்குங்கள். ஸ்கிட்கள் தொட்டவுடன் வேலை முடிந்ததென்று கைகால்களைத் தளர்த்திவிடாமல், கலெக்டிவ் அடிவரை செல்லும்வரை சைக்ளிக்கையும் பெடல்களையும் பறப்பதைப் போலவே இயக்கிக்கொண்டிருங்கள்.