விழும் ஒரு கல்லை வைத்து இயக்கம், ஆற்றல், வெப்பம்: அடிப்படைகளைத் திரும்பப் பார்ப்போம்

பள்ளியில் இயக்கம் ஒரு பாடம், ஆற்றல் இன்னொரு பாடம், வெப்பம் அதற்கும் அடுத்த பாடம். மூன்றையும் தனித்தனியாகப் படித்து, தனித்தனியாகத் தேர்வு எழுதி, தனித்தனியாகவே மறந்தும் போயிருப்போம். பல வருடம் கழித்து மீண்டும் இயற்பியலைக் கையில் எடுத்தபோதுதான் இந்த மூன்றும் ஒரே கதையின் மூன்று பகுதிகள் என்பது எனக்குப் புரிந்தது. அப்படிப் புரிந்துவிட்டால் மனப்பாடம் செய்ய வேண்டியது மிகவும் குறைந்துவிடும்.

அதனால் இங்கே ஒரே ஒரு கல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதன் நிறை 1 கிலோகிராம். 20 மீட்டர் உயரத்திலிருந்து கையை விடுகிறோம். அது விழத் தொடங்கும் கணத்திலிருந்து தரையில் கிடக்கும் வரைக்கும் கணக்கை எழுதிக்கொண்டே போவோம். ஒரு நோட்டு, பேனா, ரப்பர் பந்து, அளவு நாடா, வெப்பமானி இருந்தால் போதும். புவியீர்ப்பு முடுக்கம் உண்மையில் 9.8. மனக்கணக்கு எளிதாக இருக்க 10 என்று வைத்துக்கொள்கிறேன். காற்றின் தடையையும் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

படி 1: நொடிக்கு நொடி எழுதுங்கள்

முடுக்கம் 10 என்றால் ஒவ்வொரு நொடியும் வேகத்தில் நொடிக்கு 10 மீட்டர் கூடுகிறது என்று பொருள். நோட்டில் இப்படி எழுதுங்கள்:

0 நொடி: வேகம் 0
1 நொடி: வேகம் நொடிக்கு 10 மீட்டர்
2 நொடி: வேகம் நொடிக்கு 20 மீட்டர்

சரி, 2 நொடியில் கல் எவ்வளவு தூரம் விழுந்திருக்கும்? தொடக்க நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் 20-ஐ 2-ஆல் பெருக்கி 40 மீட்டர் என்பார்கள். ஆனால் கல் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் இருந்தது கடைசிக் கணத்தில் மட்டும்தான். பூஜ்யத்தில் தொடங்கிச் சீராக ஏறி 20-ஐத் தொட்டதால் சராசரி வேகம் 10. ஆகவே தூரம் 10 × 2 = 20 மீட்டர். நம் கல் சரியாக 2 நொடியில் தரையைத் தொடுகிறது.

இதையே முதல் நொடிக்கும் போட்டுப் பாருங்கள். சராசரி வேகம் 5, தூரம் 5 மீட்டர். அப்படியானால் இரண்டாவது நொடியில் மட்டும் விழுந்தது 15 மீட்டர். இன்னும் உயரம் இருந்திருந்தால் மூன்றாவது நொடியில் 25 மீட்டர் விழுந்திருக்கும். 5, 15, 25 என்பது 1 : 3 : 5 என்ற விகிதம். இந்த ஒற்றைப்படை வரிசையைக் கலிலியோ கண்டார். நேராக விழும் பொருளின் நேரத்தை அளக்கும் அளவுக்கு நுட்பமான கடிகாரம் அவரிடம் இல்லை. எனவே சாய்தளத்தில் குண்டுகளை உருட்டி, வீழ்ச்சியையே மெதுவாக்கி, ஒழுகும் நீரை எடைபோட்டு நேரத்தை அளந்தார். 1638-இல் அதை வெளியிட்டார். ஒரு பொருளை வேகமாக அளக்க முடியாவிட்டால் அந்தப் பொருளையே மெதுவாக்கு என்ற அந்த யோசனையை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

தொலைவு, இடப்பெயர்ச்சி என்ற இரண்டு சொற்களையும் இங்கேயே முடித்துக்கொள்வோம். ஒரு பந்தை 20 மீட்டர் மேலே எறிந்து அதே இடத்தில் பிடித்தால் அது கடந்த தொலைவு 40 மீட்டர், இடப்பெயர்ச்சி பூஜ்யம். திசையையும் சேர்த்துச் சொன்னால் வேகம் திசைவேகம் ஆகிவிடும். இதற்கு மேல் இதில் குழம்ப ஒன்றும் இல்லை.

படி 2: விசை என்ன செய்கிறது?

மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு? விடையை எழுதிவிட்டு மேலே படியுங்கள்.

பூஜ்யம் என்று எழுதியிருந்தால் கவலைப்படாதீர்கள், நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். உச்சியில் பூஜ்யமாக இருப்பது திசைவேகம் மட்டும்தான். முடுக்கம் அப்போதும் கீழ்நோக்கி 10-தான். அது பூஜ்யமாக இருந்தால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். விசை திசைவேகத்தைத் தருவதில்லை, திசைவேகத்தை மாற்றுகிறது. நியூட்டனின் விதிகளில் இந்த ஒரு வரி மனதில் பதிந்துவிட்டால் மற்றவை தானாக வரும்.

விசை = நிறை × முடுக்கம். நம் கல்லுக்கு 1 × 10 = 10 நியூட்டன் (விசையின் அலகு). இதுதான் கல்லின் எடை. நிறை கல்லோடு எங்கும் போகும். எடை இடத்துக்கு இடம் மாறும். நிலாவில் அதே கல்லின் எடை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு.

2 கிலோ கல் இரண்டு மடங்கு வேகமாக விழாதா? பூமி அதை இரண்டு மடங்கு விசையோடு இழுக்கிறது, உண்மைதான். ஆனால் அதை அசைப்பதும் இரண்டு மடங்கு கடினம். இரண்டும் சரியாக ஈடுகட்டிக்கொள்வதால் முடுக்கம் மாறுவதில்லை. 1971-இல் அப்போலோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்காட் நிலாவில் நின்று ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒரே நேரத்தில் விட்டார். காற்றில்லாத அந்த இடத்தில் இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன.

படி 3: ஆற்றலுக்கு வரவு செலவு எழுதுங்கள்

இனி நோட்டில் புதிய பக்கம். கல்லை 20 மீட்டர் மேலே கொண்டுபோக நாம் செய்த வேலை, விசை × தூரம், அதாவது 10 × 20 = 200 ஜூல் (வேலைக்கும் ஆற்றலுக்கும் அலகு). உயரே இருக்கும் கல்லிடம் அது நிலை ஆற்றலாக இருக்கிறது. இதுதான் நம் முதலீடு.

இயக்க ஆற்றலுக்கான வாய்பாடு ½ × நிறை × வேகம் × வேகம். படி 1-இல் எழுதிய அட்டவணையை எடுங்கள்.

தொடக்கத்தில் நிலை ஆற்றல் 200, இயக்க ஆற்றல் 0.
1 நொடி கழித்து 5 மீட்டர் விழுந்துவிட்டது, மீதி 15 மீட்டர். நிலை ஆற்றல் 150. வேகம் 10, எனவே இயக்க ஆற்றல் ½ × 1 × 100 = 50. கூட்டினால் 200.
2 நொடி முடிவில் தரையைத் தொடும் கணத்தில் நிலை ஆற்றல் 0. வேகம் 20, இயக்க ஆற்றல் ½ × 1 × 400 = 200.

இயக்கத்தைக் கணக்கிட்டுப் பெற்ற வேகமும், உயரத்தைக் கணக்கிட்டுப் பெற்ற ஆற்றலும் ஒரு ஜூல்கூடப் பிசகாமல் பொருந்துகின்றன. இதை உங்கள் கையால் ஒருமுறை எழுதிப் பார்த்தே ஆக வேண்டும். படித்துவிட்டுப் போனால் அந்த நம்பிக்கை வராது.

வேகத்தை ஏன் இருமுறை பெருக்க வேண்டும்? 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர்கள் இதற்காகக் கடுமையாக வாதிட்டார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த கிராவசாண்டே பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண்ணில் விழவைத்தார். வேகம் இரட்டித்தபோது குழியின் அளவு இரட்டிக்கவில்லை, நான்கு மடங்கானது. பிரெஞ்சு அறிஞர் எமிலி து ஷாத்லே அந்த முடிவின் முக்கியத்துவத்தை உணர்ந்து எடுத்துச்சொன்னார். சாலையிலும் இதே கணக்குதான். வண்டியின் வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

திறன் என்பது இதே வேலை எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்பது மட்டுமே. 200 ஜூலை 2 நொடியில் செலவழித்தால் 100 வாட்.

படி 4: பந்தைத் துள்ளவிட்டு அளங்கள்

கல்லைச் சற்று நேரம் விட்டுவிட்டு ரப்பர் பந்தை எடுங்கள். சுவரில் அளவு நாடாவை ஒட்டி, பந்தை 1 மீட்டர் உயரத்திலிருந்து விடுங்கள். எறிய வேண்டாம், கையை மட்டும் திறங்கள். எவ்வளவு உயரம் திரும்பி வருகிறது என்று கைபேசியில் காணொளி எடுத்தால் துல்லியமாகத் தெரியும். ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள்.

60 செ.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். தொடங்கும்போது இருந்த ஆற்றலில் 60 சதவீதம்தான் கையில் இருக்கிறது. அடுத்த துள்ளலுக்கு 60-இல் 60 சதவீதம், அதாவது 36 செ.மீ. என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு அளந்து பாருங்கள். மிக அருகில் வரும்.

அப்படியானால் காணாமல் போன 40 சதவீதம் எங்கே? நம் கல்லின் நிலையோ இன்னும் மோசம். துள்ளவே இல்லை. 200 ஜூலும் கணக்கிலிருந்து மறைந்துவிட்டது. ஒரு சிறு பங்கு ஓசையாகப் போனது, கொஞ்சம் மண்ணை நெரித்தது. அதுவும் சேர்ந்து கடைசியில் எல்லாம் வெப்பமாக முடிகிறது.

படி 5: வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றல்ல

பொருளின் துகள்கள் எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கின்றன. ஒரு துகள் சராசரியாக எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதைக் காட்டுவது வெப்பநிலை. வெப்பநிலை வேறுபாட்டால் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் பாயும் ஆற்றல் வெப்பம். கொதிக்கும் நீர் ஒரு கரண்டியிலும் இருக்கலாம், ஒரு அண்டாவிலும் இருக்கலாம். வெப்பநிலை இரண்டிலும் ஒன்றே. ஆனால் அண்டா ஆறும்போது வெளிவிடும் வெப்பம் பல மடங்கு.

கல் விழும்போது அதன் துகள்கள் எல்லாம் ஒரே திசையில் சேர்ந்து போகின்றன. தரையில் மோதியதும் அந்த ஒழுங்கு கலைந்து, ஆளுக்கொரு பக்கம் ஆடத் தொடங்குகின்றன. இயக்கம் அழியவில்லை, சிதறிவிட்டது. மூன்று பாடங்களும் ஒன்றாகச் சேர்கிற இடம் இதுதான்.

வெப்பநிலை எவ்வளவு கூடும் என்பதற்கு ஒரே வாய்பாடு: வெப்பம் = நிறை × தன்வெப்ப ஏற்புத்திறன் × வெப்பநிலை மாற்றம். நீரின் தன்வெப்ப ஏற்புத்திறன் ஏறத்தாழ 4200. அதாவது 1 கிலோ நீரை 1 டிகிரி சூடாக்க 4200 ஜூல் வேண்டும். கல்லுக்கு ஏறத்தாழ 800. நம்முடைய 200 ஜூல் முழுவதும் கல்லுக்கே போனாலும் 200 ÷ 800 = 0.25 டிகிரிதான் ஏறும். தொட்டுப் பார்த்தால் தெரியவே தெரியாது.

இந்த எண்ணைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 1 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டுபோக 75 × 4200 = 3,15,000 ஜூல் தேவை. அதே ஆற்றலில் 1 கிலோ கல்லை 31.5 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடலாம்! வெப்பத்தில் அடங்கியிருக்கும் ஆற்றல் அவ்வளவு பெரியது. நாம் கண்ணால் காணும் அசைவுகள் அதன் முன் மிகச் சிறியவை. வெப்பம் என்பது ஒரு வகை இயக்கமே என்று உறுதிப்பட அவ்வளவு காலம் ஆனதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

வெப்பத்தைக் 'கலோரிக்' என்ற கண்ணுக்குத் தெரியாத பாய்மமாகவே பலர் எண்ணியிருந்தார்கள். பீரங்கிக் குழாயைத் துளையிடும்போது வெப்பம் வற்றாமல் வந்துகொண்டே இருப்பதைக் கண்ட அறிவியலாளர் ரம்ஃபோர்டு 1798-இல் அந்த எண்ணத்தைக் கேள்விக்குள்ளாக்கினார். பொருளுக்குள் இருந்த பாய்மம் வெளியே வருகிறது என்றால் அது ஒரு கட்டத்தில் தீர்ந்துபோக வேண்டுமே! பின்னர் 1840-களில் ஆங்கிலேய அறிவியலாளர் ஜேம்ஸ் ஜூல், விழும் எடைகளைக் கொண்டு நீருக்குள் துடுப்புகளைச் சுழலவைத்து, எவ்வளவு வேலைக்கு எவ்வளவு வெப்பம் என்று அளந்தே காட்டினார். ஆற்றலின் அலகுக்கு அவர் பெயர் வந்தது அதனால்தான்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பனிக்கட்டி உருகும்போதும் நீர் கொதிக்கும்போதும் வெப்பம் உள்ளே போனாலும் வெப்பமானி நகராது. அந்த ஆற்றல் துகள்களின் பிணைப்பைத் தளர்த்தப் போகிறது. 1 கிலோ பனிக்கட்டி உருக 3,34,000 ஜூல், 1 கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 22,60,000 ஜூல். இதுவே உள்ளுறை வெப்பம்.

படி 6: வீழ்ச்சியை வெப்பமானியில் பாருங்கள்

ஒரு முறை விழுந்தால் தெரியாது, சரி. நூறு முறை விழுந்தால்? 1 மீட்டர் நீளமுள்ள கெட்டியான அட்டைக் குழாயில் ஒரு பிடி சிறிய எஃகுக் குண்டுகளைப் போடுங்கள். முதலில் அவற்றின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, இரு பக்கமும் இறுக்கமாக மூடுங்கள். குழாயை நிமிர்த்திப் பிடித்துச் சட்டென்று தலைகீழாக்குங்கள். குண்டுகள் ஒவ்வொரு முறையும் முழு நீளமும் விழ வேண்டும். இப்படி 100 முறை. முடித்ததும் தாமதிக்காமல் மறுபடி வெப்பநிலையைப் பாருங்கள். பழைய பாடநூல்களில் காரீயக் குண்டு என்றிருக்கும். காரீயம் நச்சு, அதைத் தொட வேண்டாம்.

கணக்கு: ஒவ்வொரு கிலோவுக்கும் 100 × 10 × 1 = 1000 ஜூல். எஃகின் தன்வெப்ப ஏற்புத்திறன் ஏறத்தாழ 460. எனவே 1000 ÷ 460, சுமார் 2.2 டிகிரி ஏற வேண்டும். எத்தனை குண்டு போட்டோம் என்பது கணக்கில் வரவே இல்லை, கவனித்தீர்களா? நிறை இரு பக்கமும் இருப்பதால் அடிபட்டுப் போகிறது.

உங்கள் வெப்பமானி இதைவிடக் குறைவாகத்தான் காட்டும். குழாயும் கொஞ்சம் சூடாகிறது, காற்றும் எடுத்துக்கொள்கிறது, குண்டுகள் விழும் உண்மையான தூரமும் 1 மீட்டரைவிடச் சற்றுக் குறைவு. இந்தக் குறைவுக்கான காரணங்களை நோட்டில் எழுதுங்கள். சரியான விடை வந்தவரைவிட இதை எழுதியவருக்கே அதிகம் புரிந்திருக்கும்.

படி 7: நீங்களே போட வேண்டிய கணக்கு

1000 கிலோ கார் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகிறது. பிரேக் பிடித்து நிறுத்துகிறார்கள். பிரேக் தட்டுகள் எல்லாம் சேர்ந்து 20 கிலோ இரும்பு, அதன் தன்வெப்ப ஏற்புத்திறனையும் 460 என்றே எடுங்கள். எல்லா ஆற்றலும் தட்டுகளுக்கே போனால் அவை எத்தனை டிகிரி சூடாகும்? கார் நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வந்திருந்தால்?

முதலாவதுக்கு இயக்க ஆற்றல் 2,00,000 ஜூல், வெப்பநிலை ஏற்றம் ஏறத்தாழ 22 டிகிரி. இரண்டாவதுக்கு நீங்கள் 44 என்று எழுதியிருந்தால் படி 3-க்குத் திரும்பி, களிமண் குண்டுகளை இன்னொரு முறை படியுங்கள். விடை 87.