நிலப்பிளவைப் படிக்கும்போது மழைக் கணக்கை மறக்கலாமா?

கோடையில் முருங்கன் பக்கம் வயலில் இறங்கினால் கறுப்பு மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். எங்கோ பூமி அதிர்ந்த செய்தி வந்த வாரத்தில் பார்த்தால் பயம் வருவது இயல்புதான். ஆனால் அது களிமண் காய்ந்து சுருங்கிய வெடிப்பு. மாரி தொடங்கி மண் ஊறினால் தானாக மூடிக்கொள்ளும். வன்னிக்கு அடியில் இருப்பது ஐம்பது கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட பழைய உருமாறிய பாறை. புவித்தட்டுகளின் விளிம்பு இங்கிருந்து வெகு தூரம். 2004 டிசம்பர் 26 அன்று முல்லைத்தீவைக் கடல் விழுங்கியதே, அதற்குக் காரணமான நிலப்பிளவு, அதாவது பாறை உடைந்து இரு பக்கமும் ஒன்றையொன்று உரசி நழுவும் இடம், சுமாத்திராவை ஒட்டிய கடலடியில் இருக்கிறது.

ஆகவே பிளவுகளைப் பற்றி அறிய வேண்டுமென்றால் வேறு நாடுகளின் நிலத்தைத்தான் பார்க்க வேண்டும். இப்போது கைபேசியிலேயே செயற்கைக்கோள் படம் கிடைக்கிறது. சரி, பார்க்கிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

பிளவின் இரு பக்கமும் நழுவும்போது அதைக் கடக்கும் ஓடையும் அறுந்து பக்கவாட்டில் விலகும். அதிகம் நடப்பது, அப்படி ஓடை விலகியிருக்கும் தூரத்தை அப்படியே ஒரு நிலநடுக்கத்தின் கணக்கில் போட்டுவிடுவது. கலிபோர்னியாவின் சான் அந்திரியாஸ் பிளவைக் கடக்கும் வாலஸ் ஓடை சுமார் 130 மீற்றர் பக்கவாட்டில் இழுபட்டிருக்கிறது. அதற்கு ஏறத்தாழ 3,700 ஆண்டுகள் எடுத்தன. சராசரியாக ஆண்டுக்கு 34 மில்லிமீற்றர். இவ்வளவு பெரிய விலகலை ஒரே அதிர்வின் வேலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். சிக்கல் சின்ன ஓடைகளில்தான். அதே பகுதியில் ஒன்பது மீற்றர் அளவில் விலகிய வாய்க்கால்களைப் பார்த்து, அது முழுவதும் 1857 நிலநடுக்கத்தின் வேலை என்று நெடுங்காலம் கருதினார்கள். 2010இல் லேசர் அளவீட்டை வைத்து மறுபடி பார்த்தபோது அந்த நிலநடுக்கத்தின் பங்கு சராசரியாக ஐந்து மீற்றர்தான் என்று தெரிந்தது.

எப்படி இந்தக் குழப்பம்? ஓடையை வெட்டுவது மழை. அந்த வரண்ட சமவெளியில் புது வாய்க்கால் அறுக்கும் அளவுக்கு வெள்ளம் அடிக்கடி வருவதில்லை. ஒரு வெள்ளத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் பூமி இரண்டு தடவை அதிர்ந்தால், இரண்டு விலகலும் ஒன்றாகத்தான் தெரியும். இதன் விளைவு சின்னதல்ல: அந்த 34 மில்லிமீற்றர் வேகத்தில் ஒன்பது மீற்றர் சேர 260 ஆண்டுக்கு மேல் வேண்டும், ஐந்து மீற்றருக்கு 150 ஆண்டுகூட வேண்டாம். அடுத்த நிலநடுக்கத்துக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்ற கணிப்பே மாறிவிடுகிறது. தலைகீழாகவும் நடக்கும். அமைதியான இடைவெளியில் பல வெள்ளங்கள் வந்து பல வாய்க்கால்கள் உண்டாகி, அடுத்த அதிர்வில் எல்லாம் ஒரே அளவு விலகும். அவற்றை எண்ணி ‘இத்தனை நிலநடுக்கம்’ என்று சொன்னால் பிழை. அப்புறம், பிளவு வழியே நொறுங்கிய பாறையை வாகாகப் பிடித்துக்கொண்டு வளைந்தோடும் ஓடையும் உண்டு. அந்த வளைவில் விலகலே இல்லை.

அடுத்தது, தரையில் தடம் தெரியவில்லையென்றால் நிலநடுக்கம் தரையைக் கிழிக்கவும் இல்லை என்ற முடிவு. 1934 நேபாள-பீகார் நிலநடுக்கம் தரையைக் கிழிக்கவில்லை என்றுதான் நம்பியிருந்தார்கள். நேபாளத்தின் சீர் ஆற்றங்கரையில் குழி வெட்டிப் பார்த்தவர்கள் 2013இல் அந்தக் கிழிவைக் காட்டினார்கள். கூடவே 1255 நிலநடுக்கத்தின் தடமும் கிடைத்தது. பருவமழையும் வண்டலும் காடும் சேர்ந்தால் எண்பது ஆண்டு போதும், பிளவின் ஒரு பக்கம் உயர்ந்து உண்டான மேட்டைக் கரைத்து மூடிவிட. மங்கோலியாவின் வரண்ட கோபி-அல்தாயில் 1957 நிலநடுக்கத்தில் உண்டான இத்தகைய மேடுகள் இன்றும் தெளிவாக நிற்கின்றன.

மேடு கூர்மையாக இருந்தால் புதியது, மழுங்கினால் பழையது என்பதும் அரைகுறைதான். குளக்கட்டில் கொட்டிய மண் எத்தனை மாரி கண்டது, புல் பிடித்ததா என்பதைப் பொறுத்தல்லவா சரியும்? வயது சொல்லுமுன் அந்த ஊரின் மழை, மண், செடி மூன்றையும் கேட்க வேண்டும். இன்றைய பாலைகளில் சில பனியுகத்தில் ஈரமாக இருந்தன என்பதால் இன்றைய மழை அளவை மட்டும் வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடவும் முடியாது.

பிளவின் குறுக்கே வெட்டும் குழியில் கிடைக்கும் கரித்துண்டின் வயதும் அப்படித்தான். அது மரம் வளர்ந்த காலத்தையே சொல்லும். நிலநடுக்கத்தில் வெட்டுப்பட்ட மண்படைக்குள் கரி இருந்தால் நிலநடுக்கம் அதற்குப் பின். வெட்டை மூடிய மண்படையில் இருந்தால் நிலநடுக்கம் பெரும்பாலும் அதற்கு முன், பழைய கரியை வெள்ளம் கொண்டுவந்து போட்டிராவிட்டால்.