தரை தொடாத மழைக்கால்: 'வெர்கா' என்ற சொல்லை எங்கே, எப்படிப் போடுவது

ஆலங்குளம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சித்திரை, வைகாசியில் சாயங்காலம் மேற்கே கருக்கட்டி நிற்கும், மேகத்துக்கு அடியில் மழைக்கால் இறங்குவது நன்றாகவே தெரியும், ஆச்சி சத்தம் போட, தட்டட்டியில் காய்கிற கூழ்வத்தலை அள்ளிக்கொண்டு ஓடி வருவோம், ஆனால் ஒரு சொட்டு விழாது. பாதி வழியிலேயே ஆவியாகிப் போகிற அந்த மழைக்கு இங்கிலீஷில் பெயர் வெர்கா.

எழுத்து வி, ஐ, ஆர், ஜி, ஏ. 'விர்ஜா' என்று படித்துவிடாதீர்கள், அந்த ஜி இங்கே 'க' ஒலிதான். கன்னி ராசிக்குச் சொல்கிற வெர்கோ வேறு சொல். லத்தீனில் வெர்கா என்றால் மெல்லிய குச்சி, நம்ம ஊர் மிலாறு மாதிரி. மேகத்திலிருந்து தொங்கும் கோடுகளைப் பார்த்தால் பெயர் ஏன் வந்தது என்று புரிந்துவிடும்.

எல்லா மழைக்காலும் வெர்கா இல்லை, இதில்தான் பலரும் தவறுகிறார்கள். கோட்டின் கீழ் நுனியைப் பாருங்கள். அது அடிவானம் வரை போய்த் தரையோடு சேர்ந்துவிட்டால் அங்கே நிஜமாகவே மழை பெய்கிறது, யாரோ கொடுத்து வைத்தவர்கள் நனைகிறார்கள். நுனி வானத்திலேயே மங்கி, வால் மாதிரி ஒரு பக்கமாக வளைந்து முடிந்தால் அதுதான் வெர்கா. துளி கரையக் கரைய எடை குறையும், விழும் வேகமும் குறையும், அதனால் காற்று அதை இழுத்துக்கொண்டு போகிறது. மேகம் உயரத்தில் இருந்து, கீழே காற்று வறண்டிருந்தால் இப்படி ஆகும். தூறலையும் சாரலையும் வெர்கா என்று சொல்லக்கூடாது, அவை நம் மேலே விழுகின்றன. குற்றாலத்தில் முகத்தில் அடிப்பது எப்படி வெர்கா ஆகும்?

சரி, வாக்கியத்தில் போடுவது எப்படி? இது பெயர்ச்சொல், வினையாக்க வேண்டாம். தண்ணீரை எண்ணாத மாதிரி இதையும் பெரும்பாலும் எண்ணுவதில்லை. 'தேர் வாஸ் வெர்கா ஓவர் ஆலங்குளம், பட் த ரோட் ஸ்டேய்ட் ட்ரை' என்றால் போதும். கோடுகளைத் தனியாகச் சொல்ல வேண்டுமானால் 'ஸ்ட்ரீக்ஸ் ஆஃப் வெர்கா'. மேகம் திரண்டு மழையே இறங்காமல் கலைந்து போனால் இந்தச் சொல் பொருந்தாது, மழை இறங்கியிருக்க வேண்டும், தரைக்கு மட்டும் வந்திருக்கக் கூடாது. இங்கிலீஷ்காரர்களிலும் வானிலைக்காரர்களும் விமானிகளும்தான் இதை அதிகம் சொல்கிறார்கள், அதனால் மற்றவர்களுக்கு எழுதும்போது முதல் தடவை ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடுங்கள்.

மழைக்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம், பனிக்கும் செல்லும். 2008-ல் செவ்வாயில் இறங்கிய ஃபீனிக்ஸ் விண்கலம், அங்கே மேகத்திலிருந்து விழுந்த பனி தரைக்கு வரும் முன்பே ஆவியாவதைக் கண்டது. அதுவும் வெர்காதான்.

விமானிகள் இதைக் கண்டால் உஷாராகிவிடுவார்கள். துளி ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் சூட்டை எடுத்துக்கொள்ளும், குளிர்ந்த காற்று கனத்து வேகமாகக் கீழே இறங்கும், தரையிறங்கப் போகிற விமானத்துக்கு அது பெரிய ஆபத்து. நமக்கும் அந்தக் காற்று வரும். மழை இல்லாமல் திடீரென்று ஜில்லென்று ஒரு காற்று அடித்து, முற்றத்துப் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போகுமே, மேலே வெர்கா தொங்கினால் அது பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான்.

போனில் வருகிற மழை ரேடார் படத்தில் நம்ம ஊர் மேல் மழைக்கான பச்சை நிறம் காட்டும்போது வெளியே வெயில் காய்ந்தால் அதற்கும் இது காரணமாக இருக்கலாம். ரேடார் உயரத்தில் உள்ள துளிகளைப் பார்க்கிறது, அவை தரைக்கு வந்ததா என்பது அதற்குத் தெரியாது. அதனால் போனை மட்டும் பார்த்து வத்தலை அள்ள வேண்டாம், அப்புறம் மறுபடி காயப்போடும் வேலை. தட்டட்டி ஏறி அந்தக் கீழ் நுனியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.